கஸ்பார் படகுக்கு வளைகிற தகடு

"மறுபடியும் உடைஞ்சிட்டு மேடம்."

பிலவேந்திரன் ஆய்வக வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

ஜைத்தூன் மேடம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எது அண்ணாச்சி?"

"தகடுதான். வேற என்ன உடையும்? என் மண்டை இன்னும் உடையல."

"சரி."

"என்ன சரி? வேற பொருள் குடுங்க. இது ஆகாது."

மேடம் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். வேறு ஒரு புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

குரு என்றால் நரைத்த தாடி, சிஷ்யன் என்றால் அரும்பு மீசை என்று நினைத்துக்கொண்டு கேட்கிறவர்கள் இங்கேயே திருத்திக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தாறு வயது. சிஷ்யனுக்கு நாற்பத்தைந்து. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த மனுஷன், நீண்ட லீவு போட்டுவிட்டு இந்தக் கடலோரக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்தார். அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை அண்ணாச்சி என்பார். யார் காலில் யார் விழுவது என்ற குழப்பமே அங்கே வரவில்லை.

எல்லாம் பிலவேந்திரனுடைய அண்ணன் கஸ்பாரால் வந்தது.

கஸ்பாருக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. போன ஐப்பசியில் நடுக்கடலில் எஞ்சின் படுத்துக்கொண்டது. முதல் நாள் வயர்லெஸ்ஸில் பேசினார். "தண்ணி கிழக்கே இழுக்குலே" என்றார். மறுநாள் பாட்டரி தீர்ந்துபோய்விட்டது. பிலவேந்திரன் கரையில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கொர்ரென்ற சத்தத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. அடுத்த நாள் வேறு ஊர்ப் படகு ஒன்று தற்செயலாகக் கண்டு இழுத்து வந்தது.

கஸ்பார் ஒரு வாரத்தில் அதை மறந்துவிட்டார். மீன்பிடிக்கிறவருக்கு மறதி இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது.

தம்பிக்குத்தான் அந்தக் கொர்ர் சத்தம் காதை விட்டுப் போகவே இல்லை.

படகில் கண்ணாடிச் சோலார் தகடு கட்டிப் பார்த்தார்கள். வலையின் ஈயக்குண்டு பட்டு நொறுங்கியது. சுருட்டிக் கக்கத்தில் இடுக்குகிற மாதிரி ஒரு தகடு வேண்டும். வெயில் கண்ட இடத்தில் விரித்தால் பாட்டரி ஏற வேண்டும். அது கிடைத்துவிட்டால் வயர்லெஸ் சாகாது. வயர்லெஸ் சாகாவிட்டால் அண்ணன் எங்கே இருக்கிறார் என்று தெரியும்.

பிலவேந்திரனுக்கு வேண்டியது அவ்வளவுதான். பட்டம் கிட்டம் எல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொள்ள.

*

அந்தத் தகடு எப்படி இருக்கும் என்றால், கீழே ஒரு பிளாஸ்டிக் தாள். அதன்மேல் வெயிலைக் குடிக்கிற பூச்சு. அதற்கும் மேலே, குடித்ததை மின்சாரமாக வெளியே கொண்டுபோகிற பூச்சு. இண்டியம் என்ற உலோகம் கலந்தது. கண்ணாடிச் சாதி. வெளிச்சத்தை விடும், மின்சாரத்தையும் விடும். வளைத்தால் மட்டும் கோபித்துக்கொண்டு கீறிப்போகும். எல்லாவற்றுக்கும் மேலே, ஈரம் படாமலிருக்க, வெங்காயத் தோல் அளவுக்கு ஒரு மேல்பூச்சு.

தகடு செய்து முடித்தால் அதைக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் சுற்றுவது அங்கே வழக்கம். சுற்றுவார்கள், பிரிப்பார்கள், மறுபடி சுற்றுவார்கள். பூச்சு வெளிப்பக்கம் இருக்கும்படிதான் சுற்றுவார்கள். விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் நன்றாகவே தெரிந்தது.

"இண்டியம் வேண்டாம் மேடம். வெள்ளி குடுங்க."

தலைமுடியைவிட மெல்லிய வெள்ளி நூல்களைக் கரைசலில் கலந்து பூசினார். வளைந்தது. சந்தோஷத்தில் பிலவேந்திரன் டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். கடல்காற்று பட்டு வெள்ளி கறுத்துப்போனது. கொலுசு கறுக்காத ஊரா அது?

"வெள்ளி வேண்டாம். மின்சாரம் கடத்துற பிளாஸ்டிக் இருக்குல்லா, அதைக் குடுங்க."

அதுவும் வளைந்தது. ஆனால் ஈரத்தை உறிஞ்சி உப்பியது.

"கரி."

கரி வளைந்தது, ஈரத்துக்கும் அசையவில்லை. வெயிலைத்தான் உள்ளே விட மாட்டேன் என்றது.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை போகாது என்பார்கள். பிலவேந்திரனுக்குப் புட்டிக்குள்ளேயே போகவில்லை. ஒன்றைப் பூசிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைப் பற்றிப் படிப்பார். அது காய்வதற்குள் மூன்றாவதைக் கேட்டு வாசலில் நிற்பார். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் கை ஆடும். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துவிட்டு மறந்துவிடுவார், எறும்பு சாப்பிடும்.

வெளியே ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. காற்று விழுந்ததும் கஸ்பார் தங்கலுக்குப் போகிறார். தங்கல் என்றால் இரண்டு மூன்று நாள் கடலிலேயே இருந்து மீன் பிடிப்பது.

தினமும் காலையில் பிலவேந்திரன் கண் விழித்ததும் காற்று அடிக்கிறதா என்றுதான் பார்ப்பார். அடித்தால் நிம்மதி. ஊரே காற்று எப்போது நிற்கும் என்று காத்திருந்தபோது, இந்த மனுஷன் ஒருத்தர் மட்டும் அது நிற்கக்கூடாது என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

*

"மேடம், ஒண்ணு கேக்கேன். உடையாத பொருள்னு ஒண்ணு உலகத்துல இருக்கா?"

"இருக்கே."

பிலவேந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எது?"

"இட்லி மாவு."

"வெளாடாதீங்க மேடம்."

"எப்படி வேணா வளைங்க, உடையுதான்னு பாருங்க."

"அங்க எங்கண்ணன் உசிரு. இங்க ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கு."

மேடம் சிரிக்கவில்லை. எழுந்தார். அலமாரியைப் பூட்டினார். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே பொருள் கிடையாது அண்ணாச்சி."

"என்னது?"

"கேட்டதெல்லாம் குடுத்தாச்சு."

"அப்போ நான் என்ன செய்ய?"

"உங்க செருப்பு எங்க?"

"வாசல்ல கிடக்கு."

"கையில எடுங்க."

பிலவேந்திரனுக்குக் காது சூடேறியது. "என்ன சொன்னீங்க?"

"செருப்பைக் கையில எடுங்க."

நம்ம பக்கத்தில் ஒருத்தரைச் செருப்பைக் கையில் எடுக்கச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் இருந்த மற்ற இரண்டு பேரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள்.

"வயசுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா மேடம்?"

மேடம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டார்.

"பதினொன்னாங் கிளாஸ் பிள்ளைகளைக்கூட நான் இப்படிப் பேசுனதில்ல. தெரிஞ்சிக்கிடுங்க."

மேடம் நுண்ணோக்கியின் குமிழைத் திருகினார்.

"நான் போறேன். இனி வர மாட்டேன்."

"செருப்பைப் போட்டுக்கிட்டா, எடுத்துக்கிட்டா?"

அதற்குமேல் பிலவேந்திரனால் அங்கே நிற்க முடியவில்லை. காலை நுழைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

*

பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இவளும் கைவிட்டுவிட்டாள். இனி எங்கே போய் எதைக் கேட்பது?

கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. குதிகால் ஏறி இறங்க, ஹவாய்ச் செருப்பு வளைந்து நிமிர்ந்தது. வளைந்து நிமிர்ந்தது.

"எதுக்குச் சொன்னா அப்படி?" என்று தனக்குத்தானே சத்தமாகக் கேட்டுக்கொண்டார். திமிர் பிடித்தவள் இல்லை அவள். இத்தனை நாளில் ஒரு சுடுசொல் சொன்னவள் இல்லை.

ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

அடிப்பக்கம், விரல் வளைகிற இடத்தில், குறுக்கே வெடிப்பு விட்டிருந்தது. மேல்பக்கம், அதே இடத்தில், சுருக்கம் சுருக்கமாக மடிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே விளிம்பைப் பார்த்தார். அங்கே வெடிப்பும் இல்லை, சுருக்கமும் இல்லை. வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். செருப்பின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக, சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கோடு போட்டார். வளைத்தார்.

கீழே கோடுகள் விலகின. மேலே நெருங்கின. நடுவில் வைத்த இடைவெளி வைத்தபடி இருந்தது.

எதிர்ப்பக்கம் வளைத்தார். இப்போது மேலே விலகின, கீழே நெருங்கின. நடு அசையவில்லை.

பஸ் வந்து நின்றது. நடத்துநர் படியில் நின்று எட்டிப் பார்த்தார். கையில் செருப்போடு ஒருத்தர் இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டிருக்கிறார்.

"சார், ஏறுதீங்களா, இல்ல யாரையும் அடிக்கணுமா?"

"நீங்க போங்க" என்றார் பிலவேந்திரன்.

பி.எஸ்ஸி.யில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினதுதான். படம் போட்டு, பக்கத்தில் அம்புக்குறி போட்டு, வளைகிற சட்டத்தின் நடுவே ஒரு தளம் நீள்வதும் இல்லை சுருங்குவதும் இல்லை என்று எழுதியிருக்கிறார். இன்றைக்குக் கேட்டாலும் கடகடவென்று சொல்வார்.

என் தகட்டில் அந்தக் கண்ணாடிப் பூச்சு எங்கே இருக்கிறது?

உச்சியில். கொண்டுபோய் உச்சியில் வைத்து, இழு இழு என்று இழுத்து, உடைகிறாயே உடைகிறாயே என்று அதைத் திட்டி, துரத்திவிட்டு, அந்த இடத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்து...

"அட மடையா!" என்றார். ரோட்டில் போன ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்.

*

ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் செருப்புமாக ஆய்வகத்துக்குள் ஓடிவந்தார். வாசலில் நிற்கவில்லை.

"மேடம்! மேலேயும் ஒரு தாள். கீழே இருக்கிற அதே தாள், அதே தடிமன்ல."

"வெளிச்சம் குறையும்னு நீங்கதானே மேல்பூச்சை வெங்காயத் தோலாட்டம் போட்டீங்க?"

"கொஞ்சம் குறையட்டும். பூச்சை ரெண்டு தாளுக்கும் நடுவுல வச்சிருவோம்."

மேடம் சாவியை எடுத்து நீட்டினார். "எந்தப் பொருளை?"

பிலவேந்திரன் அலமாரி முன்னால் நின்றார். வெள்ளி இருந்தது, பிளாஸ்டிக் இருந்தது, கரி இருந்தது. எதையும் தொடவில்லை. பின்னால் கையை விட்டு இண்டியப் பூச்சு போட்ட பழைய தாளை எடுத்தார். முதன்முதலில் உடைந்து, வேண்டாமென்று அவரே ஒதுக்கிவைத்த சரக்கில் உடையாத மிச்சம்.

மேடம் அதைப் பார்த்தார். பிறகு தன் வேலையைப் பார்த்தார்.

*

அந்தத் தகடு உடையவில்லை.

குழாயில் சுற்றினார்கள், பிரித்தார்கள். மீட்டர் முன்னைவிடக் கொஞ்சம் இறங்கித்தான் காட்டியது. ஆனால் காட்டினதை மாற்றவில்லை. கையகலத் துண்டில் ஆரம்பித்து, கடைசியில் தோள்துண்டை விரித்த அளவுக்கு ஒன்று செய்தார்கள். ஓரமெல்லாம் ஒட்டி, வயர் வைத்து, உப்புத்தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

இனியாவது மனுஷன் நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"இன்னைக்கு உடையல மேடம். நாளைக்கு உடைஞ்சா?"

"நாளைக்குப் பாருங்க."

நாளைக்கும் பார்த்தார். அதற்கு மறுநாளும் பார்த்தார். காலையில் வந்ததும் சுற்றிப் பார்ப்பார். சாப்பிடப் போகுமுன் சுற்றிப் பார்ப்பார். வீட்டுக்குக் கிளம்பி, கேட் வரை போய், திரும்பி வந்து சுற்றிப் பார்ப்பார். முளைத்திருக்கிறதா என்று விதையைத் தோண்டித் தோண்டிப் பார்க்கிற பிள்ளையைத் தாய் நாலு போடு போடுவாள். ஜைத்தூன் மேடம் போடவில்லை. அவருக்குப் பொறுமை அதிகம்.

ஒருநாள் விடியும்போது காற்று நின்றிருந்தது.

பத்து மணிக்குக் கஸ்பாரே ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். இடுப்பில் கட்டம்போட்ட சாரம், தோளில் துண்டு, உடம்பெல்லாம் டீசல் வாடை.

"எங்கலே அது? நாளைக்கு விடிவெள்ளி முளைக்க இறங்குதோம்."

பிலவேந்திரன் தகட்டை இரண்டு கையாலும் மேசையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்குண்ணே. அடுத்த தங்கலுக்குக் கொண்டுபோ."

"நேத்து கேட்டப்பவும் இதையேதான சொன்னே?"

"இது உசிரு விஷயம்ணே."

ஜைத்தூன் மேடம் நடுவே வந்தார். "என்ன சோதனை பாக்கி அண்ணாச்சி?"

"உடையுமா உடையாதான்னு..."

"உடையும்."

பிலவேந்திரன் திகைத்துப்போனார். "எப்போ?"

"தெரியாது."

"அப்போ இதை எந்தத் தைரியத்துல குடுத்தனுப்ப?"

மேடம் பிலவேந்திரனின் கைகளை மெல்ல விலக்கித் தகட்டை எடுத்தார். கஸ்பாரிடம் கொடுத்தார்.

கஸ்பார் அதை வாங்கி, இப்படிப் பார்த்து, அப்படிப் பார்த்து, பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டினார். ஆய்வகத்தில் சுற்றுகிற பக்கம் அல்ல, நேர் எதிர்ப்பக்கம். சுருட்டி, முழங்காலில் ஒரு தட்டு தட்டி, கக்கத்தில் இடுக்கினார்.

"அய்யோ அண்ணே!"

"விடுங்க" என்றார் மேடம்.

கஸ்பார் போய்விட்டார். பிலவேந்திரன் வெற்று மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

முதல் நாள் பயமில்லை. படகில் ஏற்றின பாட்டரி ஒரு நாள் தாங்கும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜைத்தூன் மேடம் கடற்கரைக்கே வந்தார். ஏலக்கூடத்துப் பக்கத்து ஓட்டுக் கொட்டகையில் வயர்லெஸ் பெட்டி முன்னால் பிலவேந்திரன் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. சட்டை இரண்டு நாளாக மாற்றாத சட்டை.

"அண்ணன் என்ன சொல்லுதாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சத்தமே இல்ல மேடம்."

"கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

பிலவேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணாச்சி?"

"இல்ல."

"மூணு நாளாவா?"

"எடுக்கலைன்னா என்ன செய்வேன் மேடம்? போன தடவை கூப்பிட்டுக் கூப்பிட்டு..." நாற்பத்தைந்து வயதுக்காரர், துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

மேடம் மைக்கை எடுத்து அவர் மடியில் வைத்தார். பக்கத்தில் கிடந்த காலி ஐஸ்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிலவேந்திரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தார். பொத்தானை அழுத்தினார்.

"அண்ணே."

கொர்ர்.

அதே சத்தம்தான். மேடத்தைப் பார்த்தார். மேடம் திரும்பவில்லை.

மறுபடி அழுத்தினார்.

"கஸ்பாரண்ணே."

கொர்ர்ரென்றது. பிறகு அந்த இரைச்சலைப் பிளந்துகொண்டு, பக்கத்து வீட்டிலிருந்து கேட்கிற மாதிரி, பளிச்சென்று ஒரு குரல் வந்தது.

"என்னலே?"

பிலவேந்திரன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, என்ன விஷயம்? சொல்லித் தொலை."

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குலே கூப்புடுதே? வச்சிட்டுப் போ. வலை பாதி ஏறி நிக்கி."